சர்க்கரை நோயாளிகளுக்கான நினைவூட்டல் செயலி: வடிவமைப்பில் நோயாளிகளை எப்போது, எப்படிச் சேர்ப்பது?

நெய்தல்நிலம் (கேள்வி)

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் என்சிடி (தொற்றா நோய்) பிரிவில் பதிவு செய்திருக்கும் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்காக ஒரு நினைவூட்டல் கருவி செய்யும் குழுவில் இருக்கிறேன். ஆண்ட்ராய்டு செயலி ஒன்று, டச் போன் இல்லாதவர்களுக்குத் தானியங்கிக் குரல் அழைப்பு. மாத்திரை வேளைக்கு நினைவூட்டல், அடுத்த பரிசோதனை நாள், வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவின் வரைபடம், இந்த மூன்றும் அதில் இருக்கும். நிரலாளர்கள் நான்கு பேர், மருத்துவர் ஒருவர், எட்டு மாதக் கெடு.

நிதி தருபவர்கள் "வடிவமைப்பில் நோயாளிகளின் பங்கேற்பு" கட்டாயம் என்கிறார்கள். எங்கள் திட்டம் இதுதான்: ஐந்தாம் மாதம் முதல் பதிப்பு தயாரானதும், என்சிடி நாளில் சுகாதார நிலையத்துக்கு வருபவர்களில் 30 பேரிடம் காட்டிக் கேள்வித்தாள் நிரப்பி வாங்குவது. இது போதுமா? எத்தனை பேர், எந்த மாதிரி ஆட்கள், எங்கே வைத்துப் பேசுவது, எவ்வளவு பணம் கொடுப்பது? எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குங்க" என்றே பதில் வருவதை எப்படித் தாண்டுவது? நடைமுறை விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

களப்பணிக் குறிப்பு

உங்கள் திட்டத்தில் பெரிய சிக்கல் ஐந்தாம் மாதம் என்பதுதான். அதற்குள் தரவுத்தளம், திரைகள், அழைப்பு வரிசை எல்லாம் எழுதி முடிந்திருக்கும். நோயாளி என்ன சொன்னாலும் பட்டனின் நிறமும் எழுத்தின் அளவும்தான் மாறும். "எனக்கு நினைவூட்டல் வேண்டாம், மாத்திரை வந்திருக்கிறதா என்று தெரிந்தால் போதும்" என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? அப்படிச் சொல்ல அவருக்கு இடம் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.

30 பேரை ஒரே மூச்சில் பார்ப்பதற்குப் பதிலாக மூன்று சுற்றாகப் பிரியுங்கள்.

முதல் சுற்று முதல் மாதத்திலேயே. திரை, செயலி எதையும் காட்டாதீர்கள். வீட்டில் மாத்திரை எங்கே இருக்கிறது, யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், நேற்று என்ன நடந்தது, போன வாரம் எந்த வேளை விட்டுப்போனது, ஏன் என்று கேளுங்கள். "வழக்கமாக எப்போது போடுவீர்கள்" என்ற கேள்விக்கு மருத்துவரிடம் சொல்லும் பதில்தான் வரும். "நேற்று ராத்திரி" என்று கேட்டால் நடந்தது வரும். மாத்திரைக் கவரையும் நோட்டையும் எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் சுற்று காகிதத்தில். ஏ4 தாளில் திரைகளைக் கையால் வரைந்து, விரலால் தொட்டால் அடுத்த தாளை நீங்கள் எடுத்து வைக்க வேண்டும். குரல் அழைப்புக்கு நிரல் எழுதவே தேவையில்லை. குழுவில் ஒருவர் அடுத்த அறையிலிருந்து நோயாளியின் போனுக்கு அழைத்து, எழுதிவைத்த வசனத்தை இயந்திரம்போல ஒரே தொனியில் படிக்கட்டும். நோயாளி எந்த எண்ணை அமுக்குகிறார் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். ஒரு நாளில் வசனத்தை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிடலாம். கணினியில் ஏற்றிய பிறகு அதே மாற்றத்துக்கு ஒரு வாரம் போய்விடும்.

மூன்றாம் சுற்றில்தான் ஓடும் பதிப்பு. அதையும் அறையில் காட்டி முடித்துவிடாமல், அவரவர் போனில் போட்டு இரண்டு வாரம் வீட்டில் விடுங்கள். அழைப்பு எத்தனை மணிக்குப் போனது, யார் எடுத்தார்கள், எத்தனையாவது விநாடியில் வைத்தார்கள் என்பது பதிவிலேயே தெரியும்.

எத்தனை பேர் என்பது பற்றி: "ஐந்து பேர் போதும்" என்ற கணக்கு, பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் நீல்சன், லாண்டவர் 1993இல் கொடுத்தது. ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரி 31 சதவீதம் என்று வைத்தால், ஐந்து பேரில் 84 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் பயனர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. வெளிப்படும் வாய்ப்பு 10 சதவீதம்தான் என்றால் ஐந்து பேரில் 41 சதவீதமே கிடைக்கும். அதே 84 சதவீதத்தைத் தொட 18 பேர் வேண்டும். ஆகவே மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிரிவுகளை எண்ணுங்கள். நோய் தெரிந்து ஓராண்டுக்குள் இருப்பவர்கள், பத்தாண்டு தாண்டியவர்கள், இன்சுலின் போடுபவர்கள், சொந்த போன் இல்லாதவர்கள், பார்வை மங்கியவர்கள், மாத்திரையைப் பார்த்துக்கொள்ளும் மகள் அல்லது மருமகள். ஒருவரே இரண்டு மூன்று பிரிவில் வருவார் என்பதால், ஒரு சுற்றுக்குப் பிரிவுக்கு ஐந்து பேர் என்றாலும் மொத்தம் இருபதுக்குள் அடங்கும்.

ஒரு பிரிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது: வருவதை நிறுத்திவிட்டவர்கள். என்சிடி நாளில் வருபவர்களை மட்டும் பிடித்தால், நினைவூட்டல் இல்லாமலேயே தவறாமல் வருகிறவர்களிடம் நினைவூட்டலைப் பற்றிக் கேட்கிறீர்கள். பதிவேட்டில் மூன்று மாதமாக வராதவர்கள் பட்டியல் இருக்கும். அதிலிருந்து குறைந்தது ஆறு பேரை அவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். போகும் முன் உங்களைச் சந்திக்கச் சம்மதமா என்று செவிலியரோ தன்னார்வலரோ கேட்டுச் சொல்ல வேண்டும். பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்களே கதவைத் தட்டக் கூடாது.

"நல்லா இருக்குங்க" பற்றி. அது மரியாதை. வீடு தேடி வந்தவர்களின் வேலையைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் கருத்தே கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். "அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்று இதில் பார்த்துச் சொல்லுங்க" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முப்பது விநாடி வரை உதவக் கூடாது. எங்கே விரல் நின்றது, எதைத் தவறாகத் தொட்டார், எத்தனை முறை உங்கள் முகத்தைப் பார்த்தார் என்று குறியுங்கள். அப்புறம், "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க" என்று கேளுங்கள். விளக்கம் எங்கே தடுமாறுகிறதோ அங்கே உங்கள் வடிவமைப்பு புரியவில்லை. மூன்றாவது வழி, ஒன்றுக்கு இரண்டாக மாதிரிகளைக் காட்டி "இதில் எதைத் தூக்கிப் போடலாம்" என்று கேட்பது. எந்த மாதிரியையும் "நாங்க செய்தது" என்று சொல்லாதீர்கள். "இப்படி ரெண்டு வந்திருக்கு, எது சரிப்படாதுன்னு பார்க்க வந்தோம்" என்றால் குறை சொல்வது வேலையாகிவிடும், மரியாதைக்குறைவு ஆகாது.

ஒரு சந்திப்புக்கு இரண்டு பேர் போதும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. நான்கு பேர் போனால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

---

கிராமச் செவிலியர்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சுகாதார நிலையத்தின் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

முதலில் அனுமதி. மருத்துவ அலுவலர் வாய்மொழியாகச் சொன்னது போதாது. மாவட்ட சுகாதார அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். முடிவுகளைக் கட்டுரையாகவோ ஆய்வாகவோ வெளியிடும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதல் சந்திப்புக்கு முன்பே வேண்டும். பின்னால் வாங்க முடியாது. இதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். முதல் மாதமே சந்திப்பு என்றால் மனுவை இப்போதே போடுங்கள்.

என்சிடி நாளில் காலையில் வருபவர்கள் வெறும் வயிற்றோடு இருப்பார்கள். ரத்தம் எடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் சும்மாதானே இருக்கிறார்கள் என்று பேட்டிக்கு உட்கார வைக்கத் தோன்றும். ரத்தம் எடுக்கும் முன் யாரையும் பிடிக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு பிடித்தாலும் கவனம் வரிசையில்தான் இருக்கும், பெயர் கூப்பிட்டுவிடுவார்களோ என்று. மருத்துவர், செவிலியர் காதில் விழும் இடத்தில் யாரும் "மாத்திரையை விட்டுட்டேன்" என்று சொல்லவும் மாட்டார்கள். அங்கன்வாடி, ஊராட்சிக் கட்டடம், கோயில் மண்டபம், அவர்கள் வீட்டுத் திண்ணை எதுவும் இதைவிட நல்லது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வைத்தால் வயல் வேலை, நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவர்களும் கிடைப்பார்கள். சுண்டல், மோர் மாதிரி சர்க்கரை இல்லாத ஏதாவது கொடுங்கள். சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில் இனிப்பு டீயும் பிஸ்கட்டும் வைப்பதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். ஆனால் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கையில் இருக்கட்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே யாருக்காவது வியர்த்து, கை நடுங்கினால் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுக்க வேண்டும்.

இப்போது கருவி பற்றி. கடிகார நேரத்துக்கு நினைவூட்டினால் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் சாப்பாட்டோடு கட்டப்பட்டவை. காலை 8 மணிக்கு "மாத்திரை போடுங்க" என்று போன் சொல்கிறது, அன்றைக்குச் சாப்பாடு 11 மணிக்குத்தான் என்றால், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலையில் நிற்பவருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். "சாப்பிடப் போறீங்களா? மாத்திரையை எடுத்துக்கோங்க" என்கிற மாதிரி இருக்க வேண்டும், நேரத்தை நோயாளியே சொல்ல வேண்டும், ஞாயிறுக்கும் வேலை நாளுக்கும் வேறு நேரம் வைக்க முடிய வேண்டும். ரம்ஜான் மாதத்தில் முழு அட்டவணையும் மாறும். மாத்திரை அளவையே மருத்துவர் மாற்றுவார், அதனால் அந்த மாதத்துக்குப் பழைய நினைவூட்டலை நிறுத்தி வைக்கவும் வழி வேண்டும்.

செயலியில் மாத்திரையின் படம் போடுகிறீர்களா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறம், வடிவம் வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார்கள், அதனால் படம் நல்ல யோசனை போலத் தெரியும். ஆனால் அரசு மருந்து டெண்டரில் வருவது. தயாரிப்பு நிறுவனம் மாறினால் அதே மெட்ஃபார்மின் வேறு வடிவில், வேறு அட்டையில் வரும். பழைய படம் செயலியில் நின்றுவிட்டால் "இது என் மாத்திரை இல்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள், அல்லது இரண்டையும் போடுவார்கள். படம் வேண்டுமென்றால், மாத்திரை வாங்கும் நாளில் அங்கேயே புதிதாக எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு போகும் பெண் தன்னார்வலர்களையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். நோயாளிகள் செயலி பற்றிய சந்தேகத்தை உங்களிடம் கேட்க மாட்டார்கள், அவர்களிடம்தான் கேட்பார்கள். ஆனால் நோயாளியோடு ஒரே சந்திப்பில் உட்கார வைக்காதீர்கள். தனித்தனியாகப் பேசுங்கள்.

---

எழுத்துரு70

தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்கிறேன். இதெல்லாம் நோயாளி கையில் கொடுத்தால்தான் தெரியும், அலுவலகத்தில் உட்கார்ந்து தெரியாது.

குறுஞ்செய்தி: ஆங்கில எழுத்தில் 160 இடம் கிடைக்கும் செய்தியில் தமிழுக்கு 70தான். நீண்டு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 67. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படும். "மாத்திரை" கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. ஆகவே கையில் இருப்பது ஏறக்குறைய ஆறேழு சொற்கள். அந்த ஆறேழில் எது இருக்க வேண்டும் என்பதை நோயாளிகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வணிகச் செய்திகளுக்கான டிஎல்டி முறையில் ஒவ்வொரு வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஒரு சொல்லை மாற்றினாலும் மறு ஒப்புதல். களத்தில் சோதித்த வாசகத்தை மட்டும் பதிவுக்கு அனுப்புங்கள். சில பழைய பட்டன் போன்களில் தமிழ் கட்டம் கட்டமாக விழும் என்பதையும் சுற்றின்போதே பார்த்து, எவருக்குக் குறுஞ்செய்தியே வேண்டாம் என்று குறித்துவிடுங்கள்.

குரல் அழைப்பு: 140இல் தொடங்கும் எண் என்றால் விளம்பரம் என்று நினைத்துத் துண்டிப்பார்கள். ஒரே எண்ணிலிருந்து அழையுங்கள், அதைச் செவிலியர் முன்னிலையில் நோயாளியின் போனில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். என்ன பெயர் போடுவது என்பதையும் அவரே சொல்லட்டும். முதல் ஐந்து விநாடியில் யார், எங்கிருந்து என்று தெரியாவிட்டால் அழைப்பு போய்விடும். டச் போனைக் காதில் வைத்தால் திரை அணைந்துவிடும். எண்ணை அமுக்க, காதிலிருந்து எடுத்து, எண்பலகையைத் திறந்து, தேடி அமுக்குவதற்குள் குரல் அடுத்ததுக்குப் போயிருக்கும். பத்து விநாடி காத்திருந்து, ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம். தொலைபேசித் தடத்தில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், வயதானவர்களுக்கு மேல் அலைவரிசை ஏற்கெனவே குறைந்திருக்கும். ஸ்டூடியோவில் கணீரென்று கேட்ட பதிவை, 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, உண்மையான போனில், பேருந்து நிறுத்தத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். வசனம் பேச்சு நடையில், நிதானமான வேகத்தில் இருக்கட்டும். "உட்கொள்ளவும்" எல்லாம் வேண்டாம்.

செயலி: எழுத்து 18இல் தொடங்குங்கள். ணை, ளூ, ஞ மாதிரி நெருக்கமான எழுத்துகள் அதற்குக் கீழே அடைத்துக்கொள்ளும். வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. போனின் அமைப்பில் எழுத்தளவை 200 சதவீதம் வரை பெரிதாக்கி, ஒவ்வொரு திரையையும் பாருங்கள். "பரிசோதனை முடிவுகள்" மாதிரி நீண்ட சொற்கள் பட்டனுக்கு வெளியே வழியும், அல்லது பாதியில் வெட்டுப்படும். தொடும் இடம் 48 டிபிக்கு (ஆண்ட்ராய்டு திரையின் அளவு அலகு) குறையாமல் இருக்கட்டும். நீண்ட நாள் சர்க்கரையில் விரல் நுனி உணர்வு குறைந்தவர்களும், காய்த்துப்போன விரல்களும் உண்டு. அழுத்திப் பிடிப்பது, பக்கவாட்டில் தள்ளுவது மாதிரி சைகைகளை எடுத்துவிடுங்கள், ஒரு தட்டு மட்டும் போதும்.

---

இன்சுலின் பேனா

நோயாளிகள் தரப்பிலிருந்து. இந்த இழையில் இதுவரை வந்தது எல்லாம் நல்ல ஆலோசனை. ஆனால் இன்னும் நோயாளி சோதனைக்கு உட்காருபவராகவே இருக்கிறார். பிரச்சினை என்ன என்று யார் முடிவு செய்வது?

சர்க்கரை அளவைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் மென்பொருள் 2013இல் எப்படி வந்தது? முதல் வகைச் சர்க்கரை உள்ள குழந்தையின் அப்பா ஒருவர், உடலில் பொருத்திச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் டெக்ஸ்காம் ஜி4 கருவி காட்டும் அளவைத் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும் என்று நிரல் எழுதினார். அந்தக் கருவியில் அப்போது அது முடியாது. அமெரிக்காவில், தானே முதல் வகைச் சர்க்கரை உள்ள டேனா லூயிஸுக்குப் பிரச்சினை அதைவிடச் சின்னது: இரவில் தாழ்சர்க்கரை எச்சரிக்கை ஒலி அவரை எழுப்பும் அளவுக்குச் சத்தமாக இல்லை. அதைச் சரிசெய்யத் தொடங்கியதுதான் 2015இல் ஓபன்ஏபிஎஸ் என்ற, சர்க்கரை அளவுக்கு ஏற்ப இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் திறந்த செயற்கைக் கணைய முறையாக வளர்ந்தது. தூங்குகிறவருக்கு ஒலி போதவில்லை என்பது அந்தக் கட்டிலில் படுத்தவருக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் எதிர்ப்பக்க உதாரணம் காசநோய் மாத்திரைக்கான 99டாட்ஸ். மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை. மாத்திரையைப் பிதுக்கினால்தான் உள்ளே மறைந்த எண் தெரியும். அந்த எண்ணுக்குக் காசில்லாமல் அழைத்தால் அன்றைய மாத்திரை போட்டதாகப் பதிவாகும். செலவு குறைந்த, மிகவும் புத்திசாலித்தனமான அமைப்பு. ஆனால் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீரில் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து இருக்கிறதா என்று பார்த்து ஒப்பிட்ட ஆய்வில், அழைப்புப் பதிவும் உண்மையில் மருந்து போட்டதும் சரியாகப் பொருந்தவில்லை. மருந்து போட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். போன் வேறொருவரிடம், சிக்னல் இல்லை, ஆறு மாதம் தினமும் அழைத்துச் சலிப்பு, வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம். ஒரு வீட்டில் எத்தனை போன், அது பகலில் யார் கையில் என்பதை முதலில் கேட்டிருந்தால் இதில் பாதி உறையை வடிவமைக்கும் முன்பே வந்திருக்கும். உங்கள் கருவியிலும் "போட்டேன்" என்று 1ஐ அமுக்குவதை மாத்திரை போட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பதிவைக் காட்டி யாரையும் திட்டவும் கூடாது. திட்டு விழும் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் 1ஐத்தான் அமுக்குவார்கள்.

ரகசியம் பற்றி. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வீட்டில் சர்க்கரை உள்ள பெண்ணின் போனுக்கு "உங்கள் சர்க்கரை மாத்திரை" என்று செய்தி வந்தால் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். நோயின் பெயர் செய்தியிலும் வேண்டாம், முகப்புத் திரை அறிவிப்பிலும் வேண்டாம், செயலியின் பெயரிலும் வேண்டாம். அழைப்பை யார் எடுத்தாலும் பொதுவான வணக்கம் மட்டும் கேட்கட்டும். நோயாளியே ஒரு எண்ணை அமுக்கிய பிறகு விஷயம் வரட்டும். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்ப எடுப்பதும் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். அழைப்பின் எந்த இடத்திலும் 9ஐ அமுக்கினால் நிற்கும்படி செய்யுங்கள். அப்படி நிறுத்தினால் மாத்திரை கிடைப்பது நிற்காது என்பதையும் அதே குரல் சொல்ல வேண்டும்.

வடிவமைப்புக் குழுக் கூட்டத்தில் நோயாளிகளுக்கு நிரந்தர இடம் கொடுங்கள். குறைந்தது இரண்டு பேர். மருத்துவரும் நான்கு பொறியாளர்களும் இருக்கும் அறையில் ஒற்றை ஆள் பேச மாட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் ஒருவர் போய் நாளைக்கு என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்று அரை மணி நேரம் விளக்க வேண்டும். எந்த வசதியை எடுத்துவிடுவது என்பதில் அவர்கள் சொல்லுக்கு எடை இருக்க வேண்டும், குறிப்பேட்டில் பதிவதோடு நிற்கக் கூடாது.

பணம்: நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். ஒரு மணி நேரச் சந்திப்பானாலும் போக்குவரத்தோடு அந்த நாள் வேலை போய்விடும் என்பதால் அதற்குக் குறையவே கூடாது. உள்ளூர் நாள் கூலி அதைவிட அதிகம் என்றால் உள்ளூர்க் கூலி. பேருந்துச் செலவு தனி, கூட வருபவருக்கும் உண்டு. பாதியில் எழுந்து போனாலும் முழுத் தொகை. அன்றே கையில் கொடுங்கள். வங்கிக் கணக்கு நகல் கேட்டு மூன்று மாதம் இழுத்தால் இரண்டாம் சுற்றுக்கு யாரும் வர மாட்டார்கள். குழுவில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு மற்ற ஆலோசகர்களுக்குக் கொடுக்கும் மணிக்கணக்கு.

---

நெய்தல்நிலம்

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐந்தாம் மாதத் திட்டத்தை மாற்றுகிறோம், நெறிமுறைக் குழு மனுவை இந்த வாரமே போடுகிறோம். மூன்று சந்தேகம். ஒன்று, எங்கள் மருத்துவர் சர்க்கரை வரைபடம் கட்டாயம் வேண்டும் என்கிறார். நோயாளிகள் வேண்டாம் என்றால் யார் பேச்சைக் கேட்பது? இரண்டு, நிதி தருபவர்கள் எஸ்யூஎஸ் (கருவி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் கேள்வித்தாள்) மதிப்பெண் கேட்கிறார்கள். மூன்று, முதல் சுற்றில் எல்லாரும் "மாத்திரை ஸ்டாக் இருக்கா, டாக்டர் இன்னைக்கு வந்திருக்காரா" என்பதையே கேட்டால், அது எங்கள் கையில் இல்லையே?

---

களப்பணிக் குறிப்பு

வரைபடம்: இருவரும் வேறு வேறு வேலைக்குக் கேட்கிறார்கள். மருத்துவருக்கு ஆறு மாதப் போக்கு வேண்டும், அதை அவர் திரையில் காட்டுங்கள். நோயாளிக்கு அச்சு, புள்ளி, கோடு எல்லாம் படிக்கப் பழக்கம் இருக்காது. "போன தடவை 182, இந்தத் தடவை 156, குறைஞ்சிருக்கு" என்ற ஒரு வரியே போதுமா என்று இரண்டாம் சுற்றில் இரண்டு தாளாகக் காட்டிப் பாருங்கள். அளவைத் தப்பாகப் புரிந்துகொண்டு யாராவது மாத்திரையைத் தானே குறைத்துக்கொள்வாரா என்பதுதான் சோதிக்க வேண்டிய விஷயம். "இதைப் பார்த்துட்டு நாளைக்கு என்ன செய்வீங்க" என்று கேளுங்கள். "பாதி மாத்திரை போதும்னு நினைக்கிறேன்" என்று பிரிவுக்கு ஒருவர் சொன்னாலும் அந்தத் திரை அப்படியே வெளியே போகக் கூடாது.

எஸ்யூஎஸ்: பத்து வாக்கியம், ஒன்று சாதகமாக, அடுத்தது பாதகமாக மாறி மாறி வரும், ஐந்து படிநிலை விடை. படித்துப் பழக்கமில்லாதவர்களிடம் பாதக வாக்கியத்துக்கும் "ஆமாங்க" என்றுதான் வரும், மதிப்பெண் 50ஐ ஒட்டிச் சுற்றும், அதற்குப் பொருள் இருக்காது. படித்துப் பழகியவர்களிடம் மட்டும் அதை வாங்கி, சராசரி என்று சொல்லப்படும் 68ஓடு ஒப்பிட்டுக் கொடுங்கள். மற்றவர்களுக்கு வேலை முடிந்ததா, எத்தனை முறை உதவி தேவைப்பட்டது, எத்தனை விநாடி என்ற மூன்றையும் கொடுங்கள். இதை நிதி தருபவர்களிடம் இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள். அறிக்கை எழுதும்போது சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

ஸ்டாக் கேள்வி: உங்கள் கையில் இல்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மருந்தகப் பதிவை இணைக்க முடியாவிட்டாலும், காலை ஒன்பது மணிக்கு மருந்தாளுநர் மூன்று மாத்திரைக்கு "இருக்கு, இல்லை" என்று ஒரு எண்ணுக்கு அழைத்து அழுத்தினால், நோயாளி அதே எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் நினைவூட்டலைவிட இதைத்தான் தினமும் பயன்படுத்துவார்கள் என்று தோன்றுகிறது. முதல் பதிப்பில் இதை வைத்து, வரைபடத்தை இரண்டாம் பதிப்புக்குத் தள்ளலாமா என்று குழுவிலுள்ள அந்த இரண்டு நோயாளிகளிடம் கேளுங்கள்.

---

கிராமச் செவிலியர்

மருந்தாளுநருக்கு ஏற்கெனவே நிறைய பதிவேடுகள். இன்னொரு வேலை கொடுக்கும் முன் அவரையும் முதல் சுற்றில் உட்கார வைத்துப் பேசுங்கள். மூன்று மாத்திரை என்றால் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின். ஒரு நாள் அவர் அழுத்த மறந்தால் நேற்றைய தகவலை இன்றையது மாதிரி சொல்லக் கூடாது, "இன்னைக்குத் தகவல் வரல" என்றே சொல்ல வேண்டும். "இருக்கு" என்று கேட்டு முப்பது ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுத்து வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அந்த எண்ணை மறுபடி அழைக்க மாட்டார்.

---

இன்சுலின் பேனா

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கத்தில் மூன்று பத்தி போட்டு வையுங்கள்: என்ன சொன்னார்கள், என்ன மாற்றினோம், மாற்றவில்லை என்றால் ஏன். பெயர் வேண்டாம், பிரிவு மட்டும். அடுத்த சுற்றுக்குப் போகும்போது முதல் பத்து நிமிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். ஸ்டாக் கேட்டவர்களுக்கு "முடியாது" என்ற பதிலானாலும் காரணத்தோடு நேரில் சொல்லுங்கள். பதிவேட்டிலிருந்து விலகிப் போன அந்த ஆறு பேர் வீட்டுக்கும் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும், அதற்கான பேருந்துச் செலவை இப்போதே வரவுசெலவில் எழுதிவிடுங்கள்.